ஒரே ராத்திரியில் வலப்பக்கம் மாறிய நாடு

பொட்டி தட்டுறவங்களுக்கு 'கோ-லைவ்'னா என்னன்னு தெரியும். சனிக்கிழமை ராத்திரி பழைய சிஸ்டத்தை நிறுத்தி, ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள புதுசை ஓட விடணும். ஆனா 1967-ல ஸ்வீடன் பண்ணின கோ-லைவ் முன்னாடி நம்மளோடதெல்லாம் ஜுஜுபி. அங்கே சொதப்பினா போறது டேட்டா இல்லை, உயிர்.

அதுவரைக்கும் ஸ்வீடனில் நம்மூர் மாதிரி சாலையின் இடப்பக்கம்தான் போக்குவரத்து. பக்கத்து நாடுகளான நார்வேயிலும் பின்லாந்திலும் வலப்பக்கம். இதைவிடக் கூத்து, ஸ்வீடன்காரங்க கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது. குறுகலான ரோட்டில் லாரியை ஓவர்டேக் பண்ணணும்னா, வண்டியை நல்லா வெளியே நீட்டினாத்தான் எதிரில் வர்றது டிரைவர் கண்ணுக்கே படும். நேருக்கு நேர் மோதாம என்ன செய்யும்?

மாத்தலாமான்னு 1955-ல ஜனங்களைக் கேட்டாங்க. ஓட்டுப் போட்டவங்களில் சுமார் 83 சதவீதம் பேர் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. கார்கள் பெருகிக்கிட்டே போகவே, 1963-ல பாராளுமன்றம் மாத்தியே தீர்றதுன்னு முடிவெடுத்தது. (ஜனநாயகமான்னு இங்கே ஒரு சண்டை போடலாம். என் ஓட்டு பாராளுமன்றத்துக்குத்தான்.)

நாலு வருஷம் தயாரிப்பு. பால் பாக்கெட்டிலிருந்து உள்ளாடை வரைக்கும் அந்த நாளோட சின்னத்தை அச்சடிச்சாங்க. நினைவூட்ட ஒரு பாட்டு வேற! சுமார் 3,60,000 சாலைப் பலகைகளை மாத்த வேண்டியிருந்தது. பஸ் கதவு இடப்பக்கம் இருந்தா, இனிமே இறங்கற ஆள் நடுரோட்டில்தானே கால் வைக்கணும்? அதனால ஆயிரக்கணக்கான பஸ்களுக்கு வலப்பக்கம் கதவு வெச்சாங்க.

செப்டம்பர் 3, ஞாயிறு. ராத்திரி 1 மணியிலிருந்தே அவசியமில்லாத வண்டிகளுக்குத் தடை. 4:50-க்கு ரோட்டில் இருந்த எல்லா வண்டியும் நின்னு, மெதுவா எதிர்ப்பக்கம் நகர்ந்து, மறுபடி நின்னுது. சரியா 5 மணிக்குக் கிளம்பலாம்னு அனுமதி. அவ்வளவுதான், முடிஞ்சுது.

மறுநாள் திங்கட்கிழமை நாடு முழுக்கப் பதிவான விபத்துகள் 125. முந்தைய திங்கட்கிழமைகளில் 130-லிருந்து 198 வரை ஆகும். மாத்தினதால ஒருத்தரும் சாகலை. கொஞ்ச நாளைக்கு வாகனக் காப்பீட்டுக் கோரிக்கைகள்கூட 40 சதவீதம் குறைஞ்சுது.

ரோடு பாதுகாப்பாயிடுச்சா? இல்லை, ஆறே வாரத்தில் கோரிக்கைகள் பழைய அளவுக்கு வந்துடுச்சு. 1969-க்குள்ள விபத்துகளும் பழைய கணக்குக்கே திரும்பிடுச்சு. எல்லாரும் பயந்து பயந்து, ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துப் போனதுதான் காரணம்னு சொல்வாங்க. நானும் பெரும்பாலும் ஒத்துக்கறேன். ஆனா அதே சமயம் வேக வரம்பையும் தற்காலிகமா குறைச்சிருந்தாங்க. ஒரே நேரத்தில் ரெண்டு விஷயத்தை மாத்திட்டு, எதனால பக் போச்சுன்னு கேட்டா எப்படிச் சொல்றது? :-)

அடுத்த வருஷமே, 1968 மே மாசம், ஐஸ்லாந்தும் வலப்பக்கம் மாறிடுச்சு. கதவு மாத்தாத பழைய பஸ்கள் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? கொஞ்சம் பஸ்களைப் பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் வித்துட்டாங்க. அங்கே இன்னிக்கும் இடப்பக்கம்தான்.