அறுபதுக்கு ஒரு பிரேம்: ஆவடிக் குழாயும் நம் பேஸ்மெண்ட் சைக்கிள்களும்

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேஸ்மெண்ட் சைக்கிள் ஸ்டாண்டில் யாரும் உரிமை கோராமல் கிடக்கும் 17 சைக்கிள்களை, போகிக்கு முன்பு பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கையைத் தூக்கி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். அதற்கப்புறம் என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தால் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வரும் தை மாதம் எனக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் மணிவிழாவுக்குத் தேதி பார்த்தாயிற்று. "உங்களுக்குன்னு என்னப்பா வேணும்?" என்று மகள் போனில் கேட்டாள். "நல்ல பிரேம் ஒண்ணு வாங்கிக் கொடும்மா" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. அறுபது வயதில் பிரேம் கேட்டால் வீட்டில் வேறு என்ன நினைப்பார்கள்? போட்டோ பிரேம் இல்லை, மவுண்டன் பைக் பிரேம் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு இன்னும் அரை மணி நேரம் திட்டு.

முழு சைக்கிளாக வாங்காமல் பிரேமை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்ற பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பூட்டிக்கொள்வது இன்றைய சைக்கிள் பித்தர்களின் வழக்கம். கேட்க நூதனமாக இருக்கும். ஆனால் நம் அப்பாக்கள் காலத்தில் சைக்கிள் மார்ட்டில் இதுதானே நடந்தது? கடைக்காரர் முதலில் கேட்பது, "22 பிரேமா, 24 பிரேமா?" என்றுதான். ஆள் உயரத்தைப் பார்த்து அது முடிவான பிறகுதான் சீட், கேரியர், டைனமோ, செயின் கார்டு எல்லாம். பூட்டி முடிக்கும் வரை கடை வாசலிலேயே நிற்பார்கள். பிரேம்தான் சைக்கிள், மற்றதெல்லாம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடியது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எந்த பிரேம் என்று தேட ஆரம்பித்தேன். அலுமினியம், கார்பன், டைட்டானியம், குரோமோலி ஸ்டீல் என்று நான்கு வழி. ஸ்டீலைப் பற்றிப் படிக்கப் படிக்க, இங்கிலாந்தில் பர்மிங்காம் வரை போய், அங்கிருந்து நேராக நம் மின்சார ரயில் தடத்துக்கே திரும்பி வந்துவிட்டேன்.

அம்பத்தூரில் 'டி.ஐ. சைக்கிள்' என்ற பஸ் ஸ்டாப் பெயரைக் கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். டி.ஐ. என்றால் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ். பெயரிலேயே குழாய் இருக்கிறது. பர்மிங்காம் பகுதியின் இரும்புக் குழாய்க் கம்பெனிகள் 1919இல் சேர்ந்து உருவாக்கிய குழுமம் அது. அன்றைக்குக் குழாய்க்குப் பெரிய வாடிக்கையாளர்கள் சைக்கிள்காரர்கள். போகப் போகக் குழுமம் சைக்கிள் கம்பெனிகளையே வாங்கத் தொடங்கியது. பர்மிங்காமில் 1910இல் தொடங்கிய ஹெர்குலிஸ், 1946இல் அவர்கள் கைக்கு வந்தது.

மூன்றே வருடத்தில், 1949இல், முருகப்பா குடும்பத்தாரும் அவர்களும் சேர்ந்து சென்னையில் சைக்கிள் கம்பெனி தொடங்கினார்கள். 1951இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளிவரத் தொடங்கின. அதுவரை சீமையிலிருந்து கப்பலில் வந்த பெயர், செங்கல்பட்டு மாவட்டத்து அம்பத்தூரில் தயாராகத் தொடங்கியது. (திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997 ஜனவரியில்தான். அதற்கு முன்பு நாமெல்லாம் செங்கல்பட்டுக்காரர்கள்.)

சைக்கிளுக்குக் குழாய் வேண்டுமே! 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. அதே வருட ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. சரித்திரப் புத்தகங்களில் தீர்மானம் இருக்கிறது, குழாய் ஆலை இல்லை. ஆவடியில் குழாய், அம்பத்தூரில் பிரேம், அதே ஊரில் 1960இல் தொடங்கிய டி.ஐ. டயமண்ட் செயினில் செயின் என்று, சைக்கிளின் முக்கிய உறுப்புகள் சில ரயில் நிலையங்களுக்கு நடுவிலேயே தயாராகின. திருவள்ளூரிலிருந்து ஆவடி சுமார் 20 கிலோமீட்டர். பர்மிங்காம் குழுமத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் இன்றும் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பெயர் ஒரு குழாய்க்காரருடையது என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

பி.எஸ்.ஏ.வின் கதையும் இப்படித்தான். பர்மிங்காமில் துப்பாக்கி செய்தவர்கள் அவர்கள். சின்னத்தில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பது அதனால்தான். 1957இல் சைக்கிள் பிரிவை ராலேவிடம் விற்றார்கள். 1960இல் ராலேவே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குடும்பத்துக்குள் வந்தது. பி.எஸ்.ஏ. என்ற பெயர் அம்பத்தூருக்கு வந்த வழி இது. எண்பதுகளில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வைத்திருந்தவர்கள் தெருவில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு பெயரும் உண்டு: ரெனால்ட்ஸ். பர்மிங்காமில் ஆணி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. 1897இல் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் ஒரு காப்புரிமை பெற்றார். இரண்டு முனையிலும் தடிப்பு, நடுவில் மெல்லிசு, ஆனால் வெளிப்பக்கம் பார்த்தால் ஒரே அளவு. அப்படிப்பட்ட குழாய்தான் அது. பிரேம் ஒட்டுப்படும் இடத்தில் பலம் வேண்டும், நடுவில் வேண்டியதில்லை. எடையும் குறையும், மேடு பள்ளத்தில் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். 'பட்டட்' குழாய் என்று இன்று மவுண்டன் பைக் கடைகளில் பெருமையாகச் சொல்வது இதைத்தான். ரெனால்ட்ஸ் 1920களின் கடைசியில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸில் சேர்ந்தது. 1935இல் அவர்கள் கொண்டுவந்த '531' குழாய், பந்தய சைக்கிள்காரர்களுக்குப் பல பத்தாண்டுகள் கனவாக இருந்தது.

உடனே நம் பேஸ்மெண்ட் ஹெர்குலிஸ் 531 குழாயில் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண ரோட்ஸ்டருக்குப் போவது, எஃகுத் தகட்டைச் சுருட்டி விளிம்புகளை மின்சாரத்தால் பற்றவைத்த குழாய். கனம் அதிகம், விலை குறைவு. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்று பந்தயத்துக்குப் போனது, மற்றொன்று பால் கேனும் அரிசி மூட்டையும் சுமந்தது.

மலைக்கு வருவோம். மவுண்டன் பைக்கின் வரலாறு தெரிந்தபோதுதான் கமிட்டி கூட்டத்தில் தூக்கிய கை எனக்கு உறுத்தியது. எழுபதுகளில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் என்ற மலைப்பகுதியில் சில இளைஞர்கள் மண்பாதையில் சைக்கிளில் இறங்கி விளையாடினார்கள். பந்தய சைக்கிள் அதற்குத் தாங்கவில்லை. அதனால் பழைய சாமான் கடைகளிலும் கொட்டகைகளிலும் துருப்பிடித்துக் கிடந்த, முப்பது நாற்பது வருடத்துப் பழைய ஷ்வின் சைக்கிள்களைச் சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். தடித்த டயர், கனத்த ஸ்டீல் பிரேம், சாய்வான போர்க். மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார்கள்.

1976 அக்டோபரில் அங்கே ஒரு மலைச்சரிவில் போட்டி வைத்தார்கள். சுமார் மூன்று கிலோமீட்டரில் 1,300 அடி இறக்கம். பின் சக்கர ஹப்பில் இருக்கும் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. பழைய பிரேம்களும் ஒவ்வொன்றாக உடைந்தன. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977இல் குரோமோலி குழாயில் புது பிரேம் ஒன்றைத் தானே செய்தார். மலைக்கென்றே செய்த முதல் பிரேம்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்த பிரேம்களை வைத்து மவுண்டன்பைக்ஸ் என்ற பெயரில் கடை போட்டார்கள். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் வந்து, உலகம் முழுக்கப் பரவியது. ஆரம்பம் என்னவோ பழைய இரும்புக் கடைதான்.

நம் ஊருக்குத் தொண்ணூறுகளில் 'ஹெர்குலிஸ் எம்.டி.பி.' என்று தடி டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்து வந்தது. மலை ஏறியவர்கள் குறைவு. டியூஷனுக்குப் போனவர்கள் அதிகம். அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அதைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டியவர்களில் சிலருக்கு அதுதான் வசதியாகப் போனதாம். குறுக்கே பார் இருப்பதால் குழந்தையை உட்காரவைக்கலாம். பிரேமை இவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் வேறு யார்?

சக்கர அளவிலும் ஒரு வேடிக்கை. இப்போது மவுண்டன் பைக்கில் '29 இஞ்ச்' சக்கரம்தான் பேச்சு. பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் சுலபமாகத் தாண்டும் என்கிறார்கள், உண்மைதான். அதன் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். பேஸ்மெண்டில் கிடக்கும் தாத்தா சைக்கிளின் 28 இஞ்ச் ரிம்மை அளந்தால் 635. இஞ்ச் கணக்கு டயரையும் சேர்த்தது, அதனால்தான் இந்தக் குழப்பம். போர்க் சாய்வும் அப்படித்தான். பழைய ரோட்ஸ்டர்கள் சாய்வான போர்க்கோடு இருந்தன. நடுவில் மவுண்டன் பைக்குகள் அதை நிமிர்த்தின. இப்போது மறுபடி 65, 66 டிகிரிக்குச் சாய்த்துவிட்டார்கள்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது குரோமோலி ஸ்டீல் பிரேம். முன்னால் சஸ்பென்ஷன், பின்னால் கிடையாது, 29 சக்கரம். மருமகன் கார்பன் என்றார். எடை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கல்லில் மோதினால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். அலுமினியம் இலேசு, ஆனால் அதிர்வு சேரச் சேரக் களைத்துப்போகும் உலோகம். அழுத்தம் ஓர் எல்லைக்குள் இருக்கும் வரை எஃகுக்கு அந்தத் தொல்லை இல்லை. உடைந்தாலும் நல்ல வெல்டர் ஒட்டிக் கொடுப்பார். நம் பக்கம் வெல்டருக்கா பஞ்சம்? துரு ஒன்றுதான் பயம். பழவேற்காட்டுப் பக்கம் போனால் உப்புக்காற்று இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை குழாய்க்குள் எண்ணெய் விட்டால் போதும். முதல் சவாரி பூண்டி ஏரிக்கரைக்கு என்று முடிவு செய்திருக்கிறேன். மனைவி ஆட்டோவில் பின்தொடர்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனி அந்த 17 சைக்கிள்கள். பழைய இரும்புக்குப் போட்டால் அவை போகக்கூடிய இடம் கும்மிடிப்பூண்டி. அங்கே உலைகளில் உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுப்பார்கள். சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் சி பிளாக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தப்பில்லை, நம் தூண்களுக்குள்ளும் அப்படி வந்த கம்பி இருக்கலாம். ஆனால் போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். 17இல் 11 சமீபத்திய குழந்தைகள் சைக்கிள்கள், துருப்பிடித்து முடிந்துபோனவை. அவை போகட்டும். மீதி 6 பெரிய சைக்கிள்கள். அவற்றில் 3 பழைய முறை பிரேம்கள். குழாய்கள் சேரும் இடத்தில் தனிக் குவளை போல ஓர் உறை இருக்கும், அதற்குள் குழாயைச் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒன்றில் ஹேண்டில் பாருக்குக் கீழே ஹெர்குலிஸ் தகடு இன்னும் இருக்கிறது. அதன் பாரில் குழந்தை சீட் மாட்டிய தழும்பும் இருக்கிறது. யாரோ ஒருவர் அந்தக் குழந்தையாக இருந்திருப்பார், ஒருவேளை இதைப் படித்துக்கொண்டும் இருப்பார்.

செயலாளரிடம் பேசினேன். 11 சைக்கிள்கள் சொன்ன தேதியில் போகும். மற்ற 6க்குப் பொங்கல் முடியும் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார். வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் காலை 7 முதல் 9 வரை நான் பேஸ்மெண்டில் இருப்பேன். உங்கள் வீட்டுச் சைக்கிளா என்று சந்தேகம் இருந்தால் வாருங்கள், சீட் கம்பிக்குக் கீழேயோ பெடல் அச்சுக்கு அடியிலோ பிரேம் நம்பர் இருக்கும், தேய்த்துப் பார்க்கலாம். பழைய ரசீது இருந்தால் ஒத்துப்பார்க்கலாம். மூன்று சைக்கிள்களில் பூட்டு இருக்கிறது, டிராயரில் எதற்கென்று தெரியாத சின்னச் சாவி ஏதாவது கிடந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள்.