பத்திரங்களில் ஒரு பரம்பரை: லிங்கன் குடும்பத்தின் முன்னோரை நில ஆவணங்கள் காட்டிய வரலாறு

முன்னுரை

1859 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கன் தம் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பருக்கு எழுதி அனுப்பினார். பாட்டனார் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர், அவருக்கு முன்னோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் வாழ்ந்த குவேக்கர்கள் என்ற அளவில் அவருடைய குடும்ப அறிவு முடிந்துவிட்டது. மாசசூசெட்ஸில் இருந்த லிங்கன்களோடு தம் குடும்பத்தை இணைத்துப் பார்க்க நடந்த முயற்சியில், இருபக்கமும் ஒரே பெயர்கள் வழங்கின என்பதைத் தவிர உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்றும் அவர் எழுதினார்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1909-இல், லீ, ஹட்சின்சன் ஆகிய இருவர் வெளியிட்ட நூல் அந்த இணைப்பை ஆவணங்களைக் கொண்டு நிறுவியது. 1926-இல் லூயி வாரன் கென்டக்கி நீதிமன்றங்களின் பதிவேடுகளைக் கொண்டு லிங்கனின் தந்தையின் வாழ்க்கையைத் திருத்தி எழுதினார். குடும்பமே மறந்துபோன பரம்பரை எப்படி மீட்கப்பட்டது? எல்லைப்புறக் குடும்பம் ஒன்றின் வழியை அறிய நிலப் பத்திரமே முதுகெலும்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதைச் சரிபார்க்கும் கருவி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாசசூசெட்ஸ் முதல் வர்ஜீனியா வரை

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து 1637-இல் மாசசூசெட்ஸின் ஹிங்ஹாமுக்கு வந்த சாமுவேல் லிங்கனிடமிருந்து இந்த வழி தொடங்குகிறது. அவருடைய பேரன் மார்டிகாய் நியூ ஜெர்சிக்கும், பிறகு பென்சில்வேனியாவுக்கும் பெயர்ந்தார். அங்கேதான் லிங்கனுக்கு எட்டாமற்போன கண்ணி இருந்தது.

மார்டிகாய் 1736-இல் இறந்தார். நியூ ஜெர்சியில் விட்டுவந்த நிலத்தை அவருடைய உயில் மூத்த மகன் ஜானுக்குக் கொடுத்தது. ஜான் பின்னாளில் அந்த நிலத்தை விற்றபோது, தாம் மார்டிகாயின் மகன், வாரிசு என்று கிரயப் பத்திரத்தில் எழுத வேண்டியிருந்தது. வாங்குபவருக்கு வில்லங்கம் இல்லாத உரிமை வேண்டும். அதற்காக எழுதிய ஒரு வரியே தந்தையையும் மகனையும் பிணைத்துவிட்டது. பெயர்ப் பொருத்தத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் காணாத சான்று இது.

இத்தேடலில் இன்னொரு தடையும் உண்டு. பெர்க்ஸ் கவுண்டி உருவானதே 1752-இல்தான். மார்டிகாயின் காலத்துப் பதிவுகளைப் பெர்க்ஸில் தேடினால் கிடைக்காது. அவை தாய்க் கவுண்டியான பிலடெல்பியாவில் உள்ளன. எல்லைப்புறத்தில் குடும்பம் நகராமல் இருந்தாலும் கவுண்டியின் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஜான் 1768-இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக் கரையில் நிலம் வாங்கினார். 1773-இல் அதில் ஒரு பகுதியை மகன் ஆபிரகாமுக்கு எழுதிக்கொடுத்தார். இந்த ஆபிரகாமே குடியரசுத் தலைவர் லிங்கனின் பாட்டனார். படைப்பிரிவில் கேப்டனாக இருந்தவர்.

லாங் ரன் அளவைப் பதிவு

1779-இல் வர்ஜீனியா இயற்றிய நிலச் சட்டம், அப்போது அதன் பகுதியாக இருந்த கென்டக்கியின் காட்டு நிலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நூறு ஏக்கருக்கு நாற்பது பவுண்டு கருவூலத்தில் செலுத்தினால் ஒரு உரிமைச்சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டு எந்த இடத்தையும் குறிப்பிடாது. சீட்டைப் பெற்றவரே காட்டுக்குள் போய் இடம் தேர்ந்து, பதிந்து, அளந்து, இறுதியில் பட்டா வாங்க வேண்டும். கேப்டன் ஆபிரகாம் 1780-இல் இப்படிச் சீட்டுகள் வாங்கினார்.

அவற்றில் ஒன்றைக் கொண்டு, ஜெஃபர்சன் கவுண்டியில் லாங் ரன் என்ற ஓடையருகே 400 ஏக்கர் அளந்த பதிவு 1785 மே 7-ஆம் தேதியிட்டது. ஓடைக்கரையில் அடையாளம் வெட்டிய ஒரு மேப்பிள் மரத்தில் தொடங்கி, கிழக்கே 300 கோல் சென்று ஒரு பாப்லர் மரத்தையும் மேப்பிளையும் தொடுகிறது எல்லை. வடக்கே 213⅓ கோல் சென்று பீச், டாக்வுட் மரங்களை அடைகிறது. மேற்கே 300 கோலில் வெள்ளை ஓக்கும் ஹிக்கரியும். தெற்கே 213⅓ கோலில் தொடங்கிய இடம். ஒரு கோல் 16½ அடி. 160 சதுரக் கோல் ஓர் ஏக்கர். முந்நூற்றை 213⅓-ஆல் பெருக்கினால் 64,000 சதுரக் கோல், சரியாக 400 ஏக்கர். கணக்கில் பிழையில்லை. ஆனால் நான்கெல்லையும் மரங்களே. மரம் விழுந்தால் எல்லையும் போயிற்று.

இப்பதிவில் உரிமையாளரின் பெயர் 'லிங்க்ஹார்ன்' என்று உள்ளது. எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். 'லிங்கன்' என்ற எழுத்தை மட்டும் தேடுபவர் இதைத் தவறவிடுவார். அளவைச் சங்கிலி பிடித்தவர்களாக லிங்கன் பெயருடைய இருவரும், எல்லை மரங்களில் குறி வெட்டியவராக ஆபிரகாமும் பதிவாகியிருக்கிறார்கள். ஆகவே 1785 மே மாதத்தில் அவர் உயிரோடு அந்தக் காட்டில் நின்றிருக்கிறார். பேரனோ, பாட்டனார் 1781 அல்லது 1782-இல் கென்டக்கிக்கு வந்து ஓரிரு ஆண்டுகளில் கொல்லப்பட்டதாக எழுதினார். குடும்ப நினைவில் இருந்த ஆண்டை அளவைப் பதிவு திருத்துகிறது.

1786: ஒரு மரணமும் ஒரு சட்டமும்

கேப்டன் ஆபிரகாம் 1786-இல் தம் வயலில் பூர்வகுடிப் போர்வீரர்களின் தாக்குதலில் இறந்தார். உயில் எழுதவில்லை. உயிலின்றி இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்பது அன்றைய வர்ஜீனியாவில் நடைமுறையிலிருந்த சட்டம். பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு தரும் புதிய சட்டம் 1787 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. சில மாத இடைவெளியில் மூத்தவர் மார்டிகாய் நிலத்துக்கு வாரிசானார். கடைசி மகனான எட்டு வயதுத் தாமஸுக்கு நிலமில்லை. அந்தத் தாமஸே லிங்கனின் தந்தை. ஒரே வீட்டில் பிறந்த இரு சகோதரர்களின் வாழ்க்கை ஏன் வேறுவேறாகப் போனது என்பதற்கு அவர்களுடைய குணத்தில் விடை தேட வேண்டியதில்லை; சட்டத்தின் தேதியில் இருக்கிறது.

தாமஸ் லிங்கனின் மூன்று பண்ணைகள்

தாமஸ் சோம்பேறி, நிலைகொள்ளாதவர் என்று பழைய வாழ்க்கை வரலாறுகள் பழித்தன. ஹார்டின் கவுண்டிப் பதிவேடுகள் காட்டுவது வேறு மனிதரை. 1803-இல் அவர் மில் கிரீக்கில் 238 ஏக்கர் வாங்கினார். 1808-இல் சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையை 200 டாலருக்கு வாங்கினார். 1809 பிப்ரவரி 12 அன்று ஆபிரகாம் பிறந்தது அங்கேதான். 1811-இல் நாப் கிரீக்குக்குப் போனார். வரிப்பட்டியல்களில் அவர் நிலமும் குதிரைகளும் உள்ளவர்.

அவர் கையிலிருந்து நிலம் போனது அளவையிலும் பத்திரத்திலும் இருந்த குழப்பத்தால். மில் கிரீக் நிலத்தை விற்கும்போது அது 200 ஏக்கராகச் சுருங்கியிருந்தது. சிங்கிங் ஸ்பிரிங்கின் தாய்ப்பத்திரத்தில் முந்தைய உரிமையாளர் ஒருவருக்குத் தீராத பாக்கி இருந்ததால், வழக்கில் நிலம் கைவிட்டுப் போனது. நாப் கிரீக்கில், பத்தாயிரம் ஏக்கர் பட்டாவுக்கு உரிமை கோரிய பிலடெல்பியா வாரிசுகள் அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தார்கள். அவரவர் விருப்பப்படி இடம் தேர்ந்து அளந்ததன் விளைவாக, கென்டக்கியில் ஒரே நிலத்தின்மேல் பல பட்டாக்கள் ஏறியிருந்தன.

1816-இல் தாமஸ் இந்தியானாவுக்குப் புறப்பட்டார். அடிமைமுறை ஓரளவு காரணம், நிலவுரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என்று மகன் பின்னாளில் எழுதினார். புதிய இடத்தில் நிலத்தைக் கூட்டாட்சி அரசே சதுரங்களாக அளந்து வைத்திருந்தது. 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் தாமஸ் கேட்டுப் பதிந்தது, தெற்கு 4-ஆம் டவுன்ஷிப், மேற்கு 5-ஆம் ரேஞ்ச், 32-ஆம் செக்‌ஷனின் தென்மேற்குக் கால்பகுதி: 160 ஏக்கர், ஏக்கருக்கு இரண்டு டாலர். முழுப்பணம் கட்ட முடியாமல் 1827-இல் பாதியை விட்டுக்கொடுத்து, 80 ஏக்கருக்கு வில்லங்கமற்ற பட்டா பெற்றார். மரங்களை எல்லையாகக் கொண்ட 238 ஏக்கரைவிட, எண்ணால் எல்லையிட்ட 80 ஏக்கர் அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

கணக்கெடுப்பு தருவதும் தராததும்

அமெரிக்கக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கினாலும் கென்டக்கியின் 1790, 1800 பதிவுகள் இன்று இல்லை. அந்த இடத்தை வரிப்பட்டியல்களே நிரப்புகின்றன. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் பால், வயது வாரியான கட்டங்களில் எண்ணாக நின்றார்கள்.

இந்தியானாவில் 1820-இல் எடுத்த கணக்கை எண்ணிப்பாருங்கள். பத்து முதல் பதினாறு வயது ஆண்களுக்கு ஒரு கட்டம். பதினொரு வயது ஆபிரகாமும் ஏறக்குறைய அதே வயதுடைய மாற்றாந்தாய் மகனும் வளர்ந்த வீட்டில், ஒருவரிலிருந்து மற்றவரை அந்த எண்ணால் பிரிக்க முடியாது. வீட்டில் வயதுவந்த பெண் ஒருவர் உண்டு. அவரைத் தாய் என்று கொள்வது இயல்பு. ஆனால் ஆபிரகாமைப் பெற்ற நான்சி ஹாங்க்ஸ் 1818-இலேயே இறந்துவிட்டார். அங்கிருந்தவர், 1819 டிசம்பரில் தாமஸ் மணந்த சாரா.

வீட்டிலுள்ள சுதந்திரர் அனைவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் 1850-இல்தான் முதன்முறையாக எழுதப்பட்டன. உறவுமுறை எழுதும் வழக்கம் 1880-இல் வந்தது. பெயர் இருப்பதால் தகவல் சரியென்றும் ஆகாது: 1860-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் 41 வயதான லிங்கனின் மனைவி மேரிக்கு 35 என்று பதிவாகியிருக்கிறது.

பதிவில் இடம்பெறாதோர்

கேப்டனின் மனைவி பாத்ஷீபாவின் பெயர் வர்ஜீனிய நில விற்பனைப் பத்திரத்தில் உள்ளது; கணவரின் நிலத்தில் மனைவிக்கிருந்த பங்குரிமையால் அவருடைய ஒப்புதலும் தேவைப்பட்டது. நான்சி ஹாங்க்ஸுக்குச் சொத்து வழிவந்த பத்திரம் எதுவும் இல்லை. ஆகவே அவருடைய பிறப்பு நூறாண்டுக்கு மேலாக விவாதமாகவே இருந்தது. அவருடைய திருமணப் பதிவையே ஹார்டின் கவுண்டியில் தேடி ஏமாந்தார்கள். அது வாஷிங்டன் கவுண்டியில் இருந்தது. கென்டக்கியில் வேட்டையாடிவந்த ஷானி பூர்வகுடி மக்களின் உரிமைக்கோ அந்த ஏடுகளில் ஒரு வரியும் இல்லை. உரிமைச்சீட்டு வெளியான நாளே நிலத்தின் முதல் நாள் என்பதுபோல் பதிவு தொடங்குகிறது.

முடிவுரை

எல்லைப்புறக் குடும்பத்தைத் தேடுபவர் முதலில் நிலத்தைப் பிடிக்க வேண்டும்; அது எந்தக் கவுண்டியிலிருந்து பிரிந்த மண் என்று பார்க்க வேண்டும்; பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் தேட வேண்டும்; கணக்கெடுப்பை அதன்பின் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நிலம் கைமாறும்போது யார், யாருடைய மகன், எந்த உரிமையில் என்று சொல்லியாக வேண்டும். கணக்கெடுப்பவரிடம் அதைச் சொல்லும் கட்டாயம் இல்லை. பரம்பரையைத் தேடித் திறந்த இந்த ஏடுகள், சோம்பேறி என்று ஒதுக்கப்பட்ட ஓர் உழவர் ஏன் ஊர் ஊராகப் பெயர்ந்தார் என்பதையும் சொல்லிவிட்டன. பெயர்களை வரிசைப்படுத்துவதோடு நிற்காமல் தாமஸ் போன்றவர்களுக்கு நியாயம் செய்ததே இந்த ஆய்வுமுறையின் பெரும்பயன்.