திதி அறியா மரணங்கள்: மட்டக்களப்பு யேசு சபையினரும் டென்மார்க் தமிழரின் நினைவேடுகளும்

டென்மார்க்குக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு என்றவுடன் தரங்கம்பாடியும் சீகன்பால்குமே ஆய்வாளர் நினைவில் எழுவது வழக்கம். கொப்பன்ஹேகன் அரச நூலகத்தின் தமிழ்ச் சேகரமும் பெரும்பாலும் அவ்வழியே நோக்கப்படுகிறது. எனினும், சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய 1706ஆம் ஆண்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்திய தமிழ் அச்சுநூல் ஒன்றும் அந்நூலகத்தில் உண்டு. யேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கசு அடிகளார் எழுதி 1586இல் அச்சேறிய 'புளோஸ் சாங்க்தோரும்' என்னும் புனிதர் சரிதமே அது. வத்திக்கான் நூலகப் படியைக் கொண்டு ச. இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் 'அடியார் வரலாறு' எனப் பதிப்பித்ததும் இந்நூலையே. கொப்பன்ஹேகன் படியைப் பற்றிக் கிரகாம் ஷா 1993இல் தனிக் கட்டுரை எழுதியுள்ளார்.

நூலின் உரைநடை குறித்து நிறையப் பேசப்பட்டுள்ளது. இங்கு என் கவனம், அது சார்ந்து நிற்கும் நினைவுகூரல் முறையின் மீது. கத்தோலிக்க மரபில் புனிதரின் திருநாள் பெரும்பாலும் அவர் இறந்த நாள். அதுவே விண்ணகத்தில் அவர் பிறந்த நாள் எனக் கொள்ளப்படும். ஆண்டு வட்டத்தில் ஒருவருக்கு இடமளிக்க வேண்டுமாயின் அவர் இறந்த நாள் தெரிந்திருத்தல் வேண்டும். யேசு சபை தன் உறுப்பினருக்கு எழுதும் மரணக் குறிப்பும் இவ்வழியதே: பிறப்பு, சபையிற் சேர்ந்த நாள், குருப்பட்டம், இறுதி வார்த்தைப்பாடு, இறப்பு. இறுதி நாள் தெரியாதபோது இவ்வமைப்பு என்ன செய்கிறது என்பதே என் வினா. அதற்கு விடை தேட மட்டக்களப்புக்குச் செல்ல வேண்டும்.

1893இல் திருகோணமலை மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது அது பிரெஞ்சு யேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தார் அப்பணியைத் தொடர்ந்தனர். 1948இல் இலங்கை வந்த இளந்துறவிகளுள் இருவர் யூஜின் ஜோன் ஹெபியரும் பெஞ்சமின் ஹென்றி மில்லரும். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் புகழோடு ஹெபியர் அடிகளாரின் பெயர் பிரிக்கவியலாதது. பின்னர் அவர் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்தினார். மில்லர் அடிகளார் அதே கல்லூரியின் அதிபராக இருந்தவர்.

1990 ஆகஸ்ட் மாதத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஜூனில் போர் மீண்டும் மூண்டிருந்தது. ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 11ஆம் நாள் இரவு ஏறாவூரில் மேலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரு படுகொலைகளுக்கும் விடுதலைப் புலிகளே பொறுப்பு எனப் பரவலாகப் பதிவாகியுள்ளது. தமிழ் ஆய்வரங்கில் இதைச் சொல்லத் தயங்குவது வரலாற்றுக்கு உதவாது. மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை ஏறாவூர் வழியே செல்கிறது. பழிக்குப் பழி என்னும் அச்சம் அச்சாலை முழுவதும் கவிந்திருந்தது. அவ்வழியேதான் ஹெபியர் அடிகளார் வாழைச்சேனைக்குச் சென்றார். அங்கே ஆபத்தில் இருந்தோருக்கு உதவுவதே அப்பயணத்தின் நோக்கம். ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, தமிழ் இளைஞர் ஒருவரை ஏற்றிக்கொண்டு தம் ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கித் திரும்பினார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் 5ஆம் நாள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுசென்றோர் தொகை 158 என்பர். 9ஆம் நாள் சத்துருக்கொண்டான் படுகொலை நிகழ்ந்தது. மில்லர் அடிகளார் மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் சேர்ந்து, பெற்றோர் வந்து சொல்லச் சொல்லப் பெயர், நாள், இடம், கொண்டுசென்றவர் யார் என்னும் விவரங்களைப் பதிந்தார். முகாம் வாயில்களில் விசாரித்தார். பல ஆண்டுகள் நீடித்த பணி இது. 2009இல் அமெரிக்கா சென்றவர் மட்டக்களப்புக்கே மீண்டு, 2019 ஜனவரி 1ஆம் நாள் அங்கேயே காலமானார். அவருடைய மரணக் குறிப்பில் எந்த இடமும் வெறுமையாக இல்லை. பிறருக்கு நாளும் இடமும் தேடிக் குறித்தவர்க்கு அது பொருத்தமே. ஹெபியருடைய குறிப்போ முடிவடையாது நிற்கிறது. மட்டக்களப்பில் அவரை ஆகஸ்ட் 15இல் நினைவுகூர்கின்றனர்: அது இறந்த நாளன்று, கடைசியாகக் காணப்பட்ட நாள். காணாமற்போனோரின் குடும்பங்கள் பலவும் இவ்வாறே செய்கின்றன.

ஈழத்தமிழரின் நினைவு இலக்கியமும் நாளைச் சார்ந்தது. இறந்தவருக்கு 31ஆம் நாள் வெளியிடப்படும், யாழ்ப்பாணத்தில் 'கல்வெட்டு' எனப்படும் சிறுநூலில் ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைக் குறிக்கும் திதி வெண்பா முதன்மை பெறும். கத்தோலிக்கர் வெளியிடும் நினைவு மலரில் வெண்பா இல்லாவிடினும் நாள் இருக்கும். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட' என்னும் மரண அறிவித்தல் வாய்பாடு, புலம்பெயர்ந்த பின் நீண்டு, யூட்லாந்தின் சிறுநகரங்களையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே வாய்பாட்டை மில்லர் அடிகளாருக்கும் இடலாம்: நியூ ஓர்லியன்ஸ் பிறப்பிடம், மட்டக்களப்பு வதிவிடம். ஆனால் எந்த வாய்பாடும் இறந்த நாளில்தான் முடிகிறது.

டென்மார்க்கில் நவம்பர் முதல் ஞாயிறன்று தேசியத் திருச்சபையின் ஆலயங்களில் அவ்வாண்டு இறந்த பங்குமக்களின் பெயர்களை வாசிப்பது வழக்கம். தமிழ்க் கத்தோலிக்கர் அதே மாதத்தில் மரித்த ஆன்மாக்களுக்கான பூசைக்குப் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுக்கின்றனர். நான் கலந்துகொண்ட ஒரு வழிபாட்டில் தாய் ஒருவர் கணவரின் பெயரை எழுதினார். 1990இல் கொண்டுசெல்லப்பட்ட மகனின் பெயரை எழுதவில்லை. பயணம் செய்வோருக்கான மன்றாட்டில் அதைச் சேர்க்கும்படி குருவானவரிடம் கேட்டுக்கொண்டார். இறையியல் நோக்கில் அது முறையா என வினவுவோர் இருக்கலாம். அவர் செய்தது நுட்பமான வரலாற்றுப் பதிவு என்றே நான் கருதுகிறேன். இலங்கை அரசின் சட்டமும் ஏறத்தாழ இந்நிலைக்குக் காலம் கடந்து வந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் மட்டுமே வழங்கியது; பல தாய்மார் அதை ஏற்க மறுத்தனர். 2016ஆம் ஆண்டுத் திருத்தமே, இறந்தார் என்று சொல்லாத 'காணாமற்போனமைச் சான்றிதழ்' ஒன்றை அறிமுகப்படுத்தியது.

இத்தகைய குடும்பங்களுக்கு மில்லர் குறித்துவைத்த நாள்கள் சமயத் தேவைக்கும் சட்டத் தேவைக்கும் ஒருங்கே பயன்படுபவை. எனவே அடிகளாரைப் பற்றிய அஞ்சலிகள் அவருடைய துணிவைப் போற்றுவதோடு நின்றுவிடுவது எனக்கு மனநிறைவு தரவில்லை. அவர் விட்டுச்சென்ற தாள்கள் எங்கே, எவ்வாறு பேணப்படும் என்பதே முதல் வினாவாக வேண்டும்.

டென்மார்க்கில் இருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. இங்கு அச்சாகும் நூல்களின் படிகளை அரச நூலகத்தில் ஒப்படைக்கும் விதி 1697இலேயே தோன்றியது. உறவினரிடையே மட்டும் வழங்கப்படும் கல்வெட்டுகளும் நினைவு மலர்களும் அவ்விதியின் பிடிக்கு எளிதில் தப்பிவிடுகின்றன. 'அடியார் வரலாறு' இருக்கும் அதே நூலகத்தில் அவையும் சேர்க்கப்பட வேண்டும். இறந்த நாளுக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்ட மலர்கள் கைக்கு வரும்போது அவற்றைக் குறைபட்ட படிகள் என ஒதுக்காமல், அவ்வெறுமையையும் நூற்பட்டியில் குறித்தல் வேண்டும்.