ஒரே பேரில மூண்டு பூதங்கள்

போன மாசியில ஒரு இரவு. ஸ்ரௌவ்வில்ல பனி கொட்டுது. பேஸ்மென்ற்றுக்குள்ள இருந்து பகுதிநேர வேலைக்காக ஒரு லினக்ஸ் சேர்வரை நோண்டிக்கொண்டிருந்தனான். ஒரே சேவை மூண்டு பிரதியாப் பின்னணியில ஓடுது. ஒண்டை மட்டும் நிப்பாட்டச் சொன்னவை. நான் 'கில்லால்' எண்டு பேரைச் சொல்லி அடிச்சன். மூண்டும் போட்டுது! பேச்சு வாங்கினது தனிக்கதை. இந்தச் சிக்கல் எவ்வளவு பழசு எண்டு தேடப்போய் வந்ததுதான் இந்தப் பதிவு.

பின்னணியில ஓடுற நிரலுக்கு 'டீமன்' எண்டு பேர். 1963இல் எம்.ஐ.டி.யின் மாக் திட்டத்தில் ஐ.பி.எம். 7094 கணினியில் வேலை செய்தவர்கள் வைத்த பேர் இது. இயற்பியலில் வரும் மாக்ஸ்வெல்லின் பூதம்தான் மூலம். கோப்புகளைத் தானாக நாடாவில் பிரதி எடுத்து வைத்ததுதான் முதல் பூதம் என்று கொர்பட்டோ சொல்லியிருக்கிறார்.

ஒரே நிரலைப் பல பிரதியாக ஓட்டுவதும் புதுசில்லை. 1971 நவம்பரில் வந்த முதலாவது யுனிக்ஸ் கையேட்டிலேயே 'இனிட்', 'கெட்டி' இரண்டும் இருக்கு. ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரு கெட்டி. ஆள் வேலை முடிச்சுப் போனால் இனிட் அந்த முனையத்தில் திரும்ப ஒண்டை எழுப்பிவிடும். தான் பெத்த பிள்ளை எது எண்டு இனிட்டுக்குத் தெரியும், அதால குழப்பமில்லை. பிறகு லினக்ஸிலும் 'இனிட்டாப்' கோப்பில் கெட்டிக்கு ஆறு வரி எழுதியிருந்தது.

மற்றச் சேவைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்கிரிப்ட் அதை எழுப்பிவிட்டுப் போயிடும். செயல் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கவேணும். சேவை செத்தாலும் கோப்பு கிடக்கும். அதே எண் பிறகு வேறொரு செயலுக்குக் கிடைச்சால், நிப்பாட்டப் போய் அப்பாவியைக் கொல்லலாம். இரண்டாவது பிரதி வேணுமெண்டால் ஸ்கிரிப்ட்டையே பிரதி எடுத்து, பேரையும் கோப்பையும் கவனமா மாத்தவேணும். ஒரு வரியை மறந்தால் சரி, என்ர கதைதான்.

1990களின் கடைசியில் டி. ஜே. பெர்ன்ஸ்டைனின் 'டீமன்டூல்ஸ்' ஒரு பிரதிக்கு ஒரு அடைவு, ஒரு காவலாள் எண்டு வைத்தது. 2006இல் உபுண்டு 6.10உடன் 'அப்ஸ்டார்ட்' வந்தது. 2010 ஏப்ரலில் லெனார்ட் பொட்டரிங் 'சிஸ்டம்டி'யை அறிவித்தார். அதில் பேருக்குள்ளே ஒரு @ அடையாளம். ஒரே அச்சுக் கோப்பு. @க்குப் பிறகு எழுதுறது பிரதியின் பேர். முதல் உதாரணம் ஆர்? எங்கட பழைய கெட்டியேதான்! அதோட கேர்னலின் 'சிகுரூப்' வசதியால் ஒவ்வொரு பிரதியின் பிள்ளை குட்டிகளும் தனித்தனி வேலிக்குள்ள நிற்கும். எண்ணை நம்பத் தேவையில்லை.

எல்லாரும் சந்தோசமா ஏற்கேல்லை. 2014 பெப்ரவரியில் டெபியன் தொழில்நுட்பக் குழுவில் வாக்குச் சமமாகி, தலைவரின் வாக்கால்தான் சிஸ்டம்டி வென்றது. அதே வருசம் நவம்பரில் ஒரு பகுதியினர் பிரிஞ்சு 'டெவுவான்' தொடங்கினார்கள். ஒரு வேலையை மட்டும் செய்யவேண்டிய இனிட் எல்லாத்தையும் விழுங்குது எண்டது அவையின்ர கவலை. அதிலயும் நியாயம் இருக்கு.

நான் அடுத்த நாளே மூண்டுக்கும் @ போட்டு எழுதிட்டன். இப்ப ஒண்டை நிப்பாட்டினால் ஒண்டுதான் நிக்குது. உங்களில ஆராவது இன்னும் இனிட்டாப் வைச்சிருக்கிறியளோ? சொல்லுங்கோ.