மேல்வீட்டுக் காலடி

ஒரு காலத்தில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஓட்டு வீடுகள்தான் அதிகம். தலைக்கு மேல் பூனை நடந்தால் உண்டு. ஆள் நடமாட்டம் கிடையாது.

ஆதிகாலக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் இந்த மண்ணில் ஏராளம். அதை நம்பி 1939-இல் பக்கத்து டால்மியாபுரத்திலும், 1979-இல் அரியலூரில் அரசு சார்பிலும் சிமெண்ட் ஆலைகள் வந்தன. ஓடு போய் காங்கிரீட் தளம் வந்தது; மாடிக்கு மேல் மாடி எழும்பியது. கூடவே மேல்வீட்டுக் காலடிச் சத்தமும் வந்து சேர்ந்தது.

காங்கிரீட் விறைப்பானது. மேலே விழும் அடியின் அதிர்வை அப்படியே கீழே இறக்கிவிடும். சத்தம் பிறக்கிற இடத்திலேயே மெத்தென்று ஏதாவது இருந்தால்தான் அடங்கும்.

'டக் டக்' பொறுக்காமல் ஒருநாள் சண்டைக்கென்றே மாடி ஏறினேன். கதவைத் திறந்த பெரியவர் கையில் ஊன்றுகோல். அடி ரப்பர் தேய்ந்து போயிருந்தது. மறுநாள் புதிது வாங்கி மாட்டிவிட்டேன்.

இப்போது சத்தமில்லை. அதனாலேயே தினமும் ஒருமுறை மாடி ஏறி அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.