வீட்டில் வளரும் ஆமைகள்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது தமிழ்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் பழமொழி. அமீனா என்பவர் நீதிமன்ற உத்தரவோடு வந்து வீட்டை ஜப்தி செய்யும் ஊழியர். அவருக்கு இணையாக அஞ்சப்பட்ட அதே ஆமையைத்தான் இன்று பலர் காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைக்கிறார்கள். ஆமை இருந்தால் பணம் சேரும், நோய் போகும் என்ற நம்பிக்கை சீன ஃபெங்சுயியோடு சேர்ந்து நம் ஊர்களுக்கு வந்து, வண்ணமீன் கடை வரை இறங்கிவிட்டது.

நம் வீடுகளில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு வகை. ஒன்று, நம் மண்ணின் உயிரான நட்சத்திர ஆமை. அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். மற்றொன்று, அமெரிக்காவிலிருந்து வந்த செங்காது ஆமை. அதைக் கடையில் வெளிப்படையாகவே வாங்க முடிகிறது. ஒன்று தரையில் வாழ்வது, மற்றது நீரில் வாழ்வது. வீட்டுக்குள் வந்தபின் இரண்டும் படும் பாடு ஒன்றுதான். பசித்த நாய் குரைக்கும், பூனை காலைச் சுற்றும். ஆமை எதையும் சொல்லாது. அதற்கு உடம்பு சரியில்லை என்பது வெளியே தெரிவதற்குள் நோய் பல வாரம் முற்றியிருக்கும்.

நட்சத்திர ஆமை இந்தியாவின் வடமேற்கிலும் தென்கிழக்கிலும், பாகிஸ்தானிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்கிறது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் முள்புதர்க் காடுகளும், அவற்றை ஒட்டிய மானாவாரி நிலங்களும் அதன் இடம். கருத்த ஓட்டின் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மஞ்சள் புள்ளியிலிருந்து கதிர்கள் விரியும். கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது அலங்காரம். காய்ந்த புல்லின் நிழல்கோடுகளுக்கு நடுவே கிடக்கும்போதோ, இரண்டடி தூரத்தில் நின்றாலும் ஆமை கண்ணில் படாது. பெண் ஆமை ஆணைவிடப் பெரியது. புல், இலை, உதிர்ந்த பழம், பூ, சப்பாத்திக்கள்ளி ஆகியவையே அதன் உணவு. மழைக்காலத்தில் நாள் முழுக்க மேயும். கோடையில் புதருக்கடியில் அசையாமல் கிடக்கும்.

இத்தகைய உயிரை வழவழப்பான தரை ஓடு பதித்த அறையில் விட்டு, தக்காளியும் வெள்ளரியும் சோறும் போட்டு வளர்க்கிறார்கள். வயிறு நிறையும், எலும்பு நிறையாது. ஆமையின் ஓடு அதன் முதுகெலும்போடும் விலாவோடும் ஒன்றிய உறுப்பு. உணவில் கால்சியமும் உடம்பில் வெயிலும் குறைந்தால் ஓடு மென்மையாகும். காற்றில் ஈரப்பதம் போதாமல் போனாலோ, ஊட்டம் கோணலானாலோ ஒவ்வொரு தகடும் பிரமிடு போலத் தனித்தனியாகக் கூம்பி எழும். காட்டில் வாழும் நட்சத்திர ஆமைக்கும் ஓட்டில் ஓரளவு மேடு உண்டு என்பதால், எது இயல்பு, எது நோய் என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். கூம்பிய ஓடு மறுபடி சமமாவதில்லை. குட்டியாக இருந்தபோது ஒரு குடும்பம் கொடுத்த தீனி என்ன என்பதை அந்த ஆமை ஆயுள் முழுவதும் முதுகில் சுமக்கும்.

இந்த ஆமையின் அழகே அதற்கு எதிரியாகிவிட்டது. உலகில் அதிகம் கடத்தப்படும் ஆமை இனங்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. ஆந்திர, கர்நாடக எல்லைப் பகுதியில் ஒரே வட்டாரத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. துணியில் சுற்றி, நாடா ஒட்டி, பெட்டிகளில் அடுக்கப்பட்ட குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. தாய்லாந்து, மலேசியா போன்ற தென்கிழக்காசிய நாடுகளே அவை போய்ச்சேர வேண்டிய இடம். வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2019 ஜெனீவா மாநாட்டில் நட்சத்திர ஆமை முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதை முதல் அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது என்பது இந்தச் சட்டத்தின் முன் விடை ஆகாது.

ஆமையைப் புனிதமாகப் போற்றும் மரபும் இங்கே உண்டு. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் அருகே ஸ்ரீகூர்மத்தில் திருமால் கூர்ம வடிவில் வழிபடப்படுகிறார். அக்கோயில் வளாகத்தில் நட்சத்திர ஆமைகள் பராமரிக்கப்படுகின்றன.

செங்காது ஆமையின் கதை வேறு. மிசிசிப்பி ஆற்று வடிநிலமே அதன் தாயகம். கண்ணுக்குப் பின்னால் செந்தூரம் தீட்டியதுபோல் ஒரு சிவப்புப் பட்டை, பச்சைப் பசேலென்ற ஓடு. முட்டையிலிருந்து வந்த குட்டி பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. அந்த அளவில்தான் அது விற்பனைக்கு வருகிறது, நடுவில் ஒரு மேடும் ஒரு பிளாஸ்டிக் தென்னையும் உள்ள உள்ளங்கை அகலத் தொட்டியோடு. இவ்வளவுதான் வளரும் என்ற பேச்சையும் வாங்குபவர் சேர்த்தே நம்பிவிடுகிறார். உண்மையில் வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை போகும், சாப்பாட்டுத் தட்டின் அகலம். ஆயுள் 20, 30 ஆண்டு, நல்ல பராமரிப்பில் அதற்கு மேலும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த ஆமை, அந்தப் பிள்ளைக்குத் திருமணமாகும்போதும் உயிரோடு இருக்கும். பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும். ஆணுக்கு முன்னங்கால் நகங்கள் நீளும். பெண்ணின் எதிரே நீந்தி வந்து அந்த நகங்களை அவள் முகத்துக்கு முன் படபடவென்று நடுங்கச் செய்யும். இணை தேடும் அந்த நடனத்தை உள்ளங்கைத் தொட்டியில் பார்க்க வழியில்லை.

ஆமை தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலில் ஏறிக் காய்ந்து சூடேறிய பிறகே அதற்குச் செரிமானம் நடக்கும். நீர் 24 முதல் 27 பாகை வரையும், ஏறி உட்காரும் மேடு 32 பாகை அளவிலும் இருக்க வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் ஆண்டின் பெரும்பகுதிக்கு இந்தச் சூடு இயல்பாகவே கிடைக்கும். உதகையிலும் கொடைக்கானலிலும் கிடைக்காது. இரவு முழுக்க ஏசி ஓடும் படுக்கையறையிலும் கிடைக்காது; அந்த அறையில் வைத்த ஆமை சாப்பிட மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியைத்தான்.

சூட்டைப் போலவே ஒளியும் முக்கியம். சூரியனின் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது. சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. சன்னலோரம் வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை அறிவதில்லை. அதற்கென்று விற்கும் விளக்குகளும் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் கதிர் குன்றிவிடும், வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருக்கும். காலை வெயிலில், நிழலுக்கு ஒதுங்க இடமுள்ள அகன்ற தொட்டியில் அரைமணி நேரம் வைப்பது நம் ஊரில் செலவில்லாத வழி. மூடிய கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் நீர் கொதிப்பேறி ஆமை இறக்கும்.

தீனியில் நடக்கும் தவறே கண்ணில் முதலில் தெரிவது. உலர்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்க்கப்படும் குட்டிக்கு வைட்டமின் ஏ குறைந்து இமைகள் வீங்கும். முதலில் ஒரு கண், பிறகு இரண்டும். கண் திறக்காததால் தீனி தெரியாது, தீனி தெரியாததால் உண்ணாது. வீட்டார் அது தூங்குகிறது என்று நினைப்பார்கள். மூச்சுக்குழாய் நோய் வந்தால் மூக்கில் குமிழி வரும். ஒரு பக்கம் சாய்ந்தே நீந்தும், மூழ்க முயன்று முடியாமல் மேலே வந்துவிடும். சாய்ந்து நீந்தும் ஆமையை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாய், பூனைக்கு மருத்துவம் பார்ப்பவர் எல்லோருக்கும் ஊர்வனவற்றில் பழக்கம் இருப்பதில்லை என்பதால், அந்த மருத்துவர் யார் என்று ஆமையை வாங்கும் முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. இளமையில் புழு, பூச்சி, மீன் என்று தின்னும் இந்த இனம் வளர வளர நீர்த்தாவரத்துக்கும் கீரைக்கும் மாறும். கணவாய் ஓட்டுத் துண்டை நீரில் மிதக்கவிட்டால் கடித்துக் கால்சியம் எடுத்துக்கொள்ளும். இந்த ஆமையால் நீருக்குள்தான் விழுங்க முடியும். எனவே தின்றதன் மிச்சமும் கழிவும் அதே நீரில் சேரும், வடிகட்டி இல்லாத தொட்டி இரண்டு நாளில் நாறும்.

அந்த நீரில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஆமைக்கு அதனால் எதுவும் ஆகாது, குழந்தைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சிறு ஆமையைக் குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதாலேயே, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975-இல் தடைசெய்தது. ஆமைத் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது, தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

உள்நாட்டில் தடை வந்தாலும் ஏற்றுமதி நிற்கவில்லை. 1989 முதல் 1997 வரை 5.2 கோடிக்கும் மேற்பட்ட செங்காது ஆமைகள் அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து வெளிநாடுகளுக்குப் போயின. நிஞ்ஜா ஆமைகள் கார்ட்டூன் குழந்தைகளைக் கட்டிப்போட்டிருந்த காலம் அது. ஆமை பெரிதானதும் பெற்றோர் அதைக் குளத்தில் விட்டார்கள். விட்டவர்கள் இரக்கத்தோடுதான் விட்டார்கள். குளத்தில் ஏற்கெனவே இருந்த ஆமைகளுக்கு வெயில் காயும் கல்லும், தீனியும், முட்டையிடும் கரையும் பங்குபோயின. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இது இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இறக்குமதியை நிறுத்தியது. ஜப்பான் 2023 ஜூன் முதல் விற்பதையும் வெளியில் விடுவதையும் தடைசெய்தது. ஏற்கெனவே வீட்டில் வளர்ப்பவர்கள் தொடர்ந்து வளர்க்கலாம். ஒரேயடியாக வளர்ப்பதையும் தடைசெய்தால் அத்தனையும் ஒரே இரவில் குளத்துக்குப் போகும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது, மற்ற நாடுகள் கவனிக்கத்தக்கது.

இந்தியாவிலும் குவாஹாட்டியின் கோயில் குளம் உள்ளிட்ட இடங்களில் இவை பதிவாகியுள்ளன. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடமிருந்து இவற்றைக் கேட்டு வாங்கும் முயற்சியில் இறங்கியது. காராமை, பாலாமை என்று நம் ஏரி குளங்களுக்கே உரிய இனங்கள் தமிழ்நாட்டில் உள்ளன; செங்காது ஆமையைக் குளத்தில் விட்டால் அவற்றின் இடமும் தீனியும் பங்குபோகும். ஆமையைக் கோயில் குளத்தில் விடுவது புண்ணியம் என்று கருதும் ஊரில் இந்த எச்சரிக்கை இன்னும் பரவலாக வேண்டும். அயல் ஊடுருவல் உயிரினங்களின் இறக்குமதியையும் வணிகத்தையும் வளர்ப்பையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 2022 திருத்தம் மத்திய அரசுக்குத் தந்துள்ளது.

மற்ற அயல்நாட்டு ஊர்வனவும் சட்ட வரம்புக்குள் வந்துவிட்டன. பச்சை உடும்பு எனப்படும் இகுவானா, மேற்கு ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு போன்றவை சைட்டிஸ் பட்டியலில் உள்ளவை. இவற்றை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் 6 மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரி 28 அன்று விதி வந்தது. குட்டி பிறந்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. அருகிலுள்ள காட்டில் கொண்டுபோய் விடுவது அல்ல. வடமேற்கு ஆமையும் தென்னக ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை, வீட்டில் பிடித்த தொற்று காட்டில் பரவும். 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்டிருந்த 51 நட்சத்திர ஆமைகள், அங்குள்ள ஏக்கர்ஸ் அமைப்பும் இந்தியாவின் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் கைகோத்ததால் விமானத்தில் பெங்களூரு திரும்பின. காட்டுக்குப் போகும் நோக்கத்தோடு வந்தவைதான் என்றாலும், இப்படித் திரும்பும் ஆமைகளை நேரே காட்டில் இறக்கிவிடுவதில்லை. முதலில் தனிமைப்படுத்தி நோய் பார்ப்பார்கள். பிறகு புதரும் புல்லும் உள்ள வேலியடைப்புக்குள் விடுவார்கள். தட்டில் வெட்டி வைத்த வெள்ளரியைத் தின்று பழகிய ஆமை, தானாகப் புல்லைக் கடிக்க அங்கே மீண்டும் தொடங்க வேண்டும்.