பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

போன வாரம் நமக்கு நடவு. பிளவக்கல் அணைத் தண்ணி நம்ம வயலுக்கு வர்ற முறை அன்னைக்குத்தான். ஆள் கிடைக்கல. பள்ளிக்கூடத்துக்குப் பையைத் தூக்கிட்டு நின்ன மகன்கிட்ட, "ஒருநாள் போகலேன்னா என்னடா, நாங்கல்லாம் படிச்சா சோறு திங்கிறோம்?"னு கேட்டுட்டேன். கேட்ட பிறகுதான் உறைச்சது. அது என் வார்த்தை இல்ல, எங்கப்பா வார்த்தை.

எங்கப்பா அஞ்சாம் வகுப்போட மாடு மேய்க்க அனுப்பப்பட்டவர். இதையே சொல்லித்தான் நடவு, களையெடுப்புன்னு என்னையும் நிறுத்துவார். ஒரு வருசம் முழுப்பரீட்சையே போச்சு.

அன்னைக்கு முழுக்க நம்ம மாவட்டத்துக்காரர் காமராஜர் நினைப்புதான். அவருக்கும் படிப்பு பாதியில் நின்றதுதானே?

1903 ஜூலை 15 அன்று, விருதுபட்டி என்றிருந்த விருதுநகரில் பிறந்தார். ஆறு வயதில் அப்பா குமாரசாமி இறந்துவிட்டார். அம்மா சிவகாமியும் பாட்டி பார்வதியும் வளர்த்தார்கள். அவர் படித்த சத்திரிய வித்யாசாலாவில் சம்பளம் கிடையாது. சமைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியில் நடந்த பள்ளிக்கூடம் அது. ஆனாலும் 12 வயது வாக்கில் படிப்பு நின்று, மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார்.

அந்தப் பையன் 1954-ல் முதலமைச்சர் ஆனார். பாதி நாள் பள்ளி, பாதி நாள் குடும்பத் தொழில் என்று 1953-ல் வந்திருந்த திட்டம் அந்த 1954-லேயே கைவிடப்பட்டது. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் அரசுப் பணத்தோடு ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் காய்கறியும் சேர்ந்துதான் உலை கொதித்தது. விருதுபட்டியின் பிடி அரிசி மாகாணம் முழுக்கப் போன மாதிரி எனக்குத் தோணுது.

கஷ்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒருத்தர் "நான் இழந்தது இனி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்"னு நினைச்சார். இன்னொருத்தர் "நான் இழந்தேன், நீயும் இழந்தா என்ன?"ன்னு கேட்டார். சின்ன வயசுல பட்டது எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கிடுறதில்ல. தான் படிக்கணும்னு ஊரே அரிசி எடுத்து வச்சதைப் பார்த்து வளர்ந்தவர் காமராஜர். எங்கப்பாவுக்கு அப்படி யாரும் ஒரு பிடி எடுத்து வைக்கல. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா அந்த வார்த்தையை அடுத்த தலைமுறைக்கு நான் கடத்தணுமா?

மகனைப் பஸ் ஏத்தி விட்டுட்டு, நானும் வீட்டுக்காரியும் வயல்ல இறங்கினோம். கொஞ்சம்தான் நட முடிஞ்சது. மிச்ச நாத்து, அடுத்த முறைத் தண்ணி வர்றதுக்குள்ள கொஞ்சம் முத்திப்போகும். போகட்டும். சாயந்திரம் வந்தவன் சட்டையைக் கழத்திப் போட்டுட்டு, கேக்காமலே நாத்து முடியைத் தூக்கிட்டு வந்து வரப்புல வச்சான்.